தம்பதியாகத் தாய்லாந்தில் ஓய்வுக்கால விசா: திருமணச் சான்றிதழிலிருந்து முதல் ஆண்டு நீட்டிப்பு வரை

குடிவரவு அலுவலகத்தில் எங்கள் டோக்கன் எண் வந்ததும் நான் முதலில் எடுத்து நீட்டியது வங்கிப் பாஸ்புக். 8 லட்சம் பாட் அதில் முழுசாக இருந்தது. அதிகாரி அதை அரை நிமிடம் பார்த்துவிட்டு ஓரமாக வைத்தார். அவர் கால் மணி நேரம் பார்த்தது எங்கள் திருமணச் சான்றிதழை. அதில் என் மனைவியின் பெயருக்கு முன்னால் ஒரு இனிஷியல். பாஸ்போர்ட்டில் அதே இனிஷியல் விரிந்து, அவருடைய அப்பா பெயராகப் பின்னால் நின்றது. இரண்டும் ஒரே ஆளா என்று கேட்டார். ஆமாம் என்று சொல்ல வாய் இருந்தது, காட்டக் காகிதம் இல்லை. எனக்கு முத்திரை விழுந்தது. மனைவிக்கு விழவில்லை. 35 வருடம் சேர்ந்து வாழ்ந்த பிறகு, நாங்கள் கணவன் மனைவிதான் என்று நிரூபிக்க மதுரைக்குப் போன் போட்டுக்கொண்டு அந்த வாரம் முழுவதும் உட்கார்ந்திருந்தோம்.

ஓய்வுக்கால விசா பற்றி நான் படித்த குறிப்புகள் எல்லாம் பணக் கணக்கோடு நின்றுவிடுகின்றன. தனி ஆளாகப் போகிறவருக்கு அது போதும். இரண்டு பேராகப் போகிறவர்களுக்குக் கூடுதலாக இரண்டு காரியங்கள் உண்டு. ஒன்று, இருவரும் தம்பதி என்பதை இன்னொரு நாட்டின் அதிகாரி ஏற்கிற மாதிரி காகிதத்தில் காட்டுவது. இன்னொன்று, பேசவே மனம் வராதது: ஒருவர் போய்விட்டால் மற்றவர் எந்த அடிப்படையில் அந்த நாட்டில் இருப்பார் என்பதை முன்கூட்டியே ஏற்பாடு செய்வது. இந்த இரண்டையும் முதல் நாளிலிருந்தே மனத்தில் வைத்துக்கொண்டால் மற்ற வேலைகள் எல்லாம் அலைச்சல்தான், சிக்கல் இல்லை.

நான் எழுதுவது தாய்லாந்தைப் பற்றி, இந்தியப் பாஸ்போர்ட் வைத்திருக்கும் தம்பதிகளை மனத்தில் வைத்து. சென்னையிலிருந்து பாங்காக்குக்கு நேர் விமானத்தில் மூன்றரை மணி நேரம். ஊரில் ஒரு நல்லது கெட்டது என்றால் அன்றைக்கே போய்ச் சேரலாம். எங்களுக்கு அதுதான் பெரிய காரணமாக இருந்தது.

முதலில், எந்த விசா

50 வயது நிறைந்தவர்களுக்கு இங்கே முக்கியமாக இரண்டு வழிகள். ஒன்று ‘ஓ-ஏ’ விசா. இதை ஊரில் இருந்தே வாங்கிக்கொண்டு வர வேண்டும். மற்றொன்று ‘ஓ’ விசா. இதில் முதலில் 90 நாள் கிடைக்கும், அதைத் தாய்லாந்துக்குள் இருந்தபடியே ஓராண்டாக நீட்டிக்கொள்ளலாம். அப்புறம் வருடா வருடம் நீட்டிப்பு.

இரண்டுக்கும் பணத் தகுதி ஏறக்குறைய ஒன்றுதான்: வங்கியில் 8 லட்சம் பாட், அல்லது மாதம் 65,000 பாட் வருமானம், அல்லது வைப்பும் ஆண்டு வருமானமும் சேர்ந்து 8 லட்சம். வேறுபாடு மற்ற காகிதங்களில் இருக்கிறது. ‘ஓ-ஏ’வுக்குப் போலீஸ் நன்னடத்தைச் சான்று, மருத்துவச் சான்று, 30 லட்சம் பாட் அளவுக்கு மருத்துவக் காப்பீடு எல்லாம் வேண்டும். அந்தக் காப்பீட்டுத் தொந்தரவு முதல் வருடத்தோடு முடியாது, நீட்டிக்கும்போதும் தொடரும். ‘ஓ’ விசாவின் அடிப்படையில் நீட்டிப்பவர்களிடம் காப்பீடு கேட்பதில்லை. ஆனால் ‘ஓ-ஏ’வில் ஒரு வசதி: பணத்தை ஊர் வங்கியிலேயே காட்டலாம். முதல் வருடம் தாய்லாந்து வங்கிக் கணக்குக்கு அலைய வேண்டியதில்லை.

‘ஓ-எக்ஸ்’ என்று பத்து வருட விசா ஒன்று பேச்சில் அடிபடும். அது 14 நாட்டவருக்கு மட்டும், இந்தியா அந்தப் பட்டியலில் இல்லை. லண்டனிலோ டொராண்டோவிலோ குடியுரிமை பெற்ற தமிழர்கள் அதற்குப் போகலாம், பிரிட்டனும் கனடாவும் பட்டியலில் உண்டு. ‘எல்.டி.ஆர்.’ என்ற நீண்டகால விசா ஆண்டுக்கு 80,000 டாலர் ஓய்வூதியமோ முதலீட்டு வருமானமோ உள்ளவர்களுக்கு. நம்மூர் ஓய்வூதியர்களில் மிகச் சிலருக்கே அது எட்டும் என்பதால் இங்கே விட்டுவிடுகிறேன்.

என் கருத்து: இருவருக்கும் உடம்பு திடமாக இருந்து, காப்பீடு நியாயமான விலைக்குக் கிடைத்தால் ‘ஓ-ஏ’ நிம்மதி. சர்க்கரை, ரத்த அழுத்தம் என்று மருந்துப் பெட்டியோடு வாழ்கிறவர்களுக்குக் காப்பீடு கிடைப்பதே பாடு. கிடைத்தாலும் பிரீமியம் ஒரு குடும்பம் நடத்தும் காசாக இருக்கும். அவர்களுக்கு ‘ஓ’ வழிதான். விசாவுக்குக் காப்பீடு கேட்கவில்லை என்பதற்காகக் காப்பீடே இல்லாமல் இருக்கலாம் என்று நான் சொல்லவில்லை. இங்கே தனியார் மருத்துவமனைகள் தரமானவை, பில்லும் அதற்கேற்றாற்போல் இருக்கும். ஊரில் எடுத்த மருத்துவ பாலிசி வெளிநாட்டுச் சிகிச்சைக்குச் செல்லுமா என்பதைப் பாலிசிக் காகிதத்தை எடுத்துப் படித்துவிடுங்கள். பெரும்பாலும் செல்லாது.

யார் முதன்மை விண்ணப்பதாரர்

தம்பதியில் ஒருவர் ஓய்வுக்கால அடிப்படையில் விண்ணப்பிக்கலாம், மற்றவர் அவரைச் சார்ந்து வரும் துணைவராக விண்ணப்பிக்கலாம். துணைவராக வருபவருக்கு 50 வயது நிறைந்திருக்க வேண்டியதில்லை, தனியாக 8 லட்சம் பாட்டும் காட்ட வேண்டாம். திருமணச் சான்றிதழ் போதும். ‘ஓ-ஏ’ வழியிலும் அப்படித்தான்: ஒருவர் ‘ஓ-ஏ’ வாங்கினால், அந்தத் தகுதி இல்லாத துணைவருக்குத் திருமணச் சான்றின் பேரில் ‘ஓ’ விசா தருவார்கள்.

இருவருக்கும் 50 வயது ஆகி, கையில் பணமும் இருந்தால் இருவருமே தனித்தனியாக விண்ணப்பிக்கலாம். அப்போது 8 லட்சம், 8 லட்சம் என்று இரண்டு வைப்பு. வசதி உள்ளவர்களுக்கு நான் இதைத்தான் சொல்வேன். துணைவரின் அனுமதி முதன்மையானவரின் அனுமதியோடு கட்டப்பட்டது. அவருடையது காலாவதியானால் இவருடையதும் போகும். தனித்தனியாக இருந்தால் ஒருவருடைய தவறு மற்றவரைத் தொடாது.

ஒரு வைப்புக்கு மட்டும்தான் வழி இருக்கிறது என்றால், வயதில் இளையவரும் 50 தாண்டியிருந்தால், அவரையே முதன்மையாகப் போடுவது பற்றி யோசியுங்கள். நம் வீடுகளில் கணவர் பெயரில்தான் எல்லாம் இருக்க வேண்டும் என்ற பழக்கம். கணவருக்கு 68, மனைவிக்கு 58 என்றால் மனைவி பெயரில் பணத்தைப் போட்டு, கணவர் துணைவராக வரலாம். சட்டத்தில் அதற்குத் தடை எதுவும் இல்லை. நாங்கள் விசாரித்தபோது இதை யாரும் சொல்லவில்லை.

திருமணக் காகிதம்: இதற்கு ஆறு மாதம் ஒதுக்குங்கள்

நம் தலைமுறையில் பாதிப் பேர் திருமணத்தைப் பதிவு செய்ததே இல்லை. கோவிலிலோ மண்டபத்திலோ தாலி கட்டினோம், ஊர் சாப்பிட்டது, முடிந்தது. தமிழ்நாட்டில் எல்லா மதத்தினருக்கும் திருமணப் பதிவு கட்டாயமானது 2009ஆம் ஆண்டுச் சட்டத்தால்தான். அதற்கு முன்னால் நடந்த இந்துத் திருமணங்களை 1955ஆம் ஆண்டு இந்து திருமணச் சட்டத்தின்கீழ் சார்பதிவாளர் அலுவலகத்தில் இப்போதும் பதிவு செய்துகொள்ளலாம். சீர்திருத்தத் திருமணம் செய்தவர்கள் தயங்க வேண்டாம். அந்தச் சட்டத்தில் தமிழ்நாடு சேர்த்த 7-ஏ பிரிவு அதையும் செல்லுபடியாக்கியிருக்கிறது.

பழைய பத்திரிகை, தாலி கட்டும் போட்டோ, வயதுச் சான்று, முகவரிச் சான்று, சாட்சிகள்: இவற்றைத் தயார் செய்யுங்கள். பத்திரிகை கிடைக்காவிட்டால் பரண்மேல் இருக்கும் பழைய டிரங்குப் பெட்டியில் தேடுங்கள். எங்களுடையது என் மாமியாரின் பட்டுப்புடவை மடிப்புக்குள் இருந்தது.

சான்றிதழ் வாங்கும்போதே பெயரைக் கவனியுங்கள். நம் பிரச்சினை முழுவதும் இங்கேதான். வெளிநாட்டுப் படிவங்களுக்கு முதல் பெயர், குடும்பப் பெயர் என்று இரண்டு கட்டம். நமக்குக் குடும்பப் பெயர் கிடையாது, அப்பா பெயரின் முதலெழுத்துதான். ஆர். கமலா என்று பள்ளிச் சான்றிதழ். கமலா ராமசாமி என்று பாஸ்போர்ட். கல்யாணத்துக்குப் பிறகு எடுத்த ஆதாரிலும் ஓய்வூதியப் புத்தகத்திலும் கமலா சண்முகம். ஊரில் யாருக்கும் சந்தேகம் வராது. இங்கே மூன்றும் மூன்று பெண்கள்.

சரி, என்ன செய்யலாம்? பாஸ்போர்ட்டை அடிப்படையாக வையுங்கள். திருமணச் சான்றிதழில் இருவர் பெயரும் பாஸ்போர்ட்டில் உள்ள எழுத்துக்கூட்டலோடு, இனிஷியல் விரித்து, அப்படியே வரட்டும். பாஸ்போர்ட்டின் கடைசிப் பக்கத்தில் துணைவர் பெயர் இருக்கிறதா என்று பாருங்கள். இல்லையென்றால் பாஸ்போர்ட்டைப் புதுப்பிக்கும்போது சேர்த்துவிடுங்கள். ஏற்கெனவே வாங்கிய சான்றிதழை மாற்ற முடியாத நிலையில், இந்தப் பெயர்கள் எல்லாம் ஒரே நபரைக் குறிப்பவை என்று நோட்டரி முன்னால் உறுதிமொழிப் பத்திரம் ஒன்று வாங்கி, சான்றிதழோடு சேர்த்து வையுங்கள். எங்களைக் காப்பாற்றியது கடைசியில் அந்த ஒரு பத்திரம்தான். குடும்பப் பெயர்க் கட்டம் காலியாக, ஒற்றைப் பெயரோடு பாஸ்போர்ட் வைத்திருப்பவர்கள் கிளம்புவதற்கு முன்பே அதைச் சரிசெய்துவிடுவது நல்லது. விசாவில் தப்பித்தாலும் வங்கிக் கணினியில் மாட்டிக்கொள்வீர்கள்.

அடுத்தது சான்றொப்பம். தமிழ்நாட்டில் வாங்கிய சான்றிதழை மாநில அரசு சரிபார்த்து, பிறகு வெளியுறவு அமைச்சகம் முத்திரையிட்டு, அதற்குப் பிறகு தாய்லாந்துத் தூதரகமோ துணைத் தூதரகமோ சான்றளிப்பது வழக்கமான வரிசை. வெளியுறவு அமைச்சகத்தின் கிளைச் செயலகம் சென்னையில் இருக்கிறது, தாய்லாந்துத் துணைத் தூதரகமும் சென்னையில் இருக்கிறது. டெல்லிக்கு ஓட வேண்டாம். அப்போஸ்டில் முத்திரை (வெளிநாட்டில் காட்டுவதற்காக வெளியுறவு அமைச்சகம் தரும் சான்று) மட்டும் வைத்துக்கொண்டு விமானம் ஏறாதீர்கள். தூதரகச் சான்றும் சேர வேண்டுமா என்று துணைத் தூதரகத்தில் எழுத்தில் கேட்டு, அந்தப் பதிலைப் பிரதி எடுத்து வையுங்கள். தாய்லாந்து வந்த பிறகு சான்றிதழைத் தாய் மொழியில் மொழிபெயர்த்து, பாங்காக் சேங் வத்தனாவில் உள்ள தாய்லாந்து வெளியுறவு அமைச்சகத்தின் தூதரக விவகாரத் துறையில் சான்று வாங்க வேண்டியிருக்கும். மொழிபெயர்ப்பில் உங்கள் பெயரைத் தாய் எழுத்தில் எப்படி எழுதியிருக்கிறார்கள் என்பதைக் கேட்டுத் தெரிந்துகொள்ளுங்கள். பிறகு வங்கி, வீட்டு ஒப்பந்தம் எதிலும் அதே எழுத்துகளே வரட்டும்.

அசல் சான்றிதழ் இரண்டு பிரதி வாங்கிக்கொள்ளுங்கள். ஒன்று ஊரில் பிள்ளைகளிடம், ஒன்று உங்களோடு.

பணத்தை எப்படிக் கொண்டுவருவது

8 லட்சம் பாட் என்பது நம் பணத்தில் 20 லட்சம் ரூபாய்க்கு மேல். இந்தியாவில் வசிக்கும் ஒருவர் ஒரு நிதியாண்டில் 2,50,000 டாலர் வரை வெளிநாட்டுக்கு அனுப்பலாம். எனவே வரம்பு பிரச்சினை இல்லை. ஆனால் 10 லட்சம் ரூபாய்க்கு மேல் போகும் பகுதிக்கு வங்கி 20 சதவீதம் டி.சி.எஸ். (அனுப்பும்போதே வசூலிக்கும் முன்வரி) பிடிக்கும். அது போன பணம் அல்ல, வருமான வரிக் கணக்கு தாக்கல் செய்யும்போது திரும்பக் கேட்டு வாங்கலாம். என்றாலும் 2 லட்சம் ரூபாய் மாதக்கணக்கில் முடங்கும். நான் செய்தது இது: ஒரு பகுதியை மார்ச் கடைசியில் அனுப்பினேன், மறுபகுதியை ஏப்ரல் முதல் வாரத்தில். இரண்டு நிதியாண்டு, இரண்டு வரம்பு.

இதற்குத் தாய்லாந்து வங்கியில் கணக்கு முன்கூட்டியே இருக்க வேண்டும். சுற்றுலா முத்திரையோடு வருபவருக்குக் கணக்குத் திறக்க இப்போது வங்கிகள் மிகவும் யோசிக்கின்றன. ஒரு கிளையில் முடியாது என்பார்கள், அடுத்த தெருக் கிளையில் திறந்துவிடுவார்கள். மனம் தளராமல் நாலு கிளை ஏறி இறங்குங்கள். வீட்டு வாடகை ஒப்பந்தம், குடிவரவு அலுவலகம் தரும் வசிப்பிடச் சான்று, உள்ளூர் போன் எண் மூன்றையும் கையில் வைத்துக்கொண்டு போங்கள்.

இங்கே நம்மவர்கள் செய்யும் தவறு ஒன்று உண்டு. ஊர் வழக்கப்படி கணவன் மனைவி இருவர் பெயரிலும் கூட்டுக் கணக்குத் திறந்துவிடுவார்கள். நீட்டிப்புக்கு அது உதவாது. கூட்டுக் கணக்கில் உள்ள பணத்தில் பாதியைத்தான் உங்களுடையது என்று எடுத்துக்கொள்வார்கள், அல்லது கணக்கையே ஏற்க மாட்டார்கள். முதன்மை விண்ணப்பதாரர் பெயரில் மட்டும் தனிக் கணக்கு வேண்டும். மனைவிக்கு இன்னொரு தனிக் கணக்கு திறந்துவிடுங்கள். அதன் காரணம் கடைசியில் வரும்.

பணத்தை டாலராக அனுப்புங்கள், இங்கே வந்து பாட்டாக மாறட்டும். வெளிநாட்டிலிருந்து வந்த பணம் என்பதற்கான வரவுச் சான்றை வங்கியிடம் உடனே கேட்டு வாங்குங்கள். ‘ஓ’ விசாவுக்கு மாறும் நாளில் பணம் கணக்கில் இருந்தால் போதும். ஆனால் ஓராண்டு நீட்டிப்புக்கு விண்ணப்பிக்கும்போது 8 லட்சமும் இரண்டு மாதம் அசையாமல் இருந்திருக்க வேண்டும். நீட்டிப்பு கிடைத்த பிறகு மூன்று மாதம் அப்படியே இருக்க வேண்டும், அதற்கப்புறம் 4 லட்சத்துக்குக் கீழே போகக் கூடாது. அடுத்த நீட்டிப்புக்கு இரண்டு மாதம் முன்பு மறுபடி 8 லட்சம். 2019 மார்ச் முதல் நடைமுறையில் உள்ள விதி இது. நான் அந்தப் பணத்தைத் தொடுவதே இல்லை, வீட்டுச் செலவுக்கு வேறு கணக்கு. கணக்குப் பார்த்துக் கணக்குப் பார்த்து எடுக்கிறவர்கள் ஒரு நாள் 500 பாட் குறைந்து மாட்டிக்கொள்கிறார்கள்.

விண்ணப்பம்: ஊரிலிருந்து என்றால்

இந்தியாவில் இருந்து விண்ணப்பிப்பது 2025 ஜனவரி முதல் தாய்லாந்தின் மின்விசா தளம் வழியாகத்தான். ‘ஓ-ஏ’வுக்கு நன்னடத்தைச் சான்றைப் பாஸ்போர்ட் சேவை மையம் வழியாக இருவரும் தனித்தனியாக வாங்குங்கள். மருத்துவச் சான்றில் காசநோய், யானைக்கால், தொழுநோய், போதை அடிமைத்தனம், முற்றிய சிபிலிஸ் இல்லை என்று மருத்துவர் குறிப்பிட்டு எழுத வேண்டும். ‘உடல்நலம் நன்று’ என்று ஒற்றை வரி எழுதி வாங்கினால் திருப்பிவிடுவார்கள்.

‘ஓ-ஏ’வில் ஒரு நல்ல சங்கதி. பல முறை நுழையும் அனுமதியோடு எடுத்தால், அந்த ஓராண்டுக்குள் எப்போது நுழைந்தாலும் அன்றிலிருந்து ஓராண்டு தங்க அனுமதி கிடைக்கும். விசா முடிவதற்குச் சில நாள் முன்னால் ஒரு முறை வெளியே போய்த் திரும்பினால் ஏறக்குறைய இரண்டு வருடம் ஓட்டிவிடலாம், காப்பீடும் அந்தக் காலத்துக்குச் செல்லுபடியாக இருந்தால்.

விண்ணப்பம்: இங்கே வந்து என்றால்

இந்தியர்களுக்கு 2024 ஜூலையில் 60 நாள் விசா விலக்கு வந்தது. இந்த நாள் கணக்கை டிக்கெட் எடுக்கும் வாரத்தில் மறுபடி பார்த்துக்கொள்ளுங்கள், உங்கள் திட்டம் முழுவதும் அதன்மேல் நிற்கிறது. நுழைந்ததும் வீடு, வங்கிக் கணக்கு, பணம். அனுமதியில் குறைந்தது 15 நாள் மீதமிருக்கும்போதே குடிவரவு அலுவலகத்தில் ‘ஓ’ விசாவுக்கு மாற விண்ணப்பிக்க வேண்டும். விசா விலக்கில் வந்தவர்களுக்கு டி.எம். 87 படிவம், சுற்றுலா விசாவோடு வந்தவர்களுக்கு டி.எம். 86. கட்டணம் ஆளுக்கு 2,000 பாட்.

வீட்டுக்காரர் பற்றி ஒரு வார்த்தை. வெளிநாட்டவர் தங்கினால் 24 மணி நேரத்துக்குள் வீட்டு உரிமையாளர் டி.எம். 30 என்ற அறிவிப்பைக் கொடுக்க வேண்டும். அந்த ரசீது இல்லாமல் குடிவரவு அலுவலகத்தில் ஒரு வேலையும் நகராது. முன்பணம் கொடுப்பதற்கு முன்பே, இருவர் பெயரிலும் டி.எம். 30 கொடுப்பீர்களா என்று கேளுங்கள். முகம் சுளித்தால் அந்த வீடு வேண்டாம். வாடகை ஒப்பந்தத்திலும் இருவர் பெயரும் இருக்கட்டும். நீங்கள் சேர்ந்து வாழ்கிறீர்கள் என்பதற்கு அதுவும் ஒரு சாட்சி. ஏனென்றால் துணைவர் நீட்டிப்புக்குச் சட்டப்படியும் உண்மையிலும் கணவன் மனைவியாக வாழ்கிறவர்களாக இருக்க வேண்டும் என்பது விதி.

துணைவரின் காகிதத்தை எப்போது எடுப்பார்கள் என்பது ஊருக்கு ஊர் மாறும். சில அலுவலகங்களில் இருவரையும் ஒரே நாளில் ‘ஓ’வுக்கு மாற்றுகிறார்கள். சிலவற்றில் முதன்மையானவருக்கு ஓராண்டு நீட்டிப்பு விழுந்த பிறகுதான் துணைவரைப் பார்க்கிறார்கள். அப்படியானால் அதுவரை துணைவரின் அனுமதி தாங்க வேண்டும். இதனால்தான் முதல் வாரமே இருவரும் நேரில் போய்க் கேட்டுவிட வேண்டும் என்கிறேன். பாஸ்போர்ட், திருமணச் சான்றிதழ் இரண்டையும் காட்டிக் கேளுங்கள். போனில் கேட்டால் பொதுப் பதில்தான் வரும்.

நீட்டிப்பு நாள்

90 நாள் முடிய 30 நாள் இருக்கும்போது நீட்டிப்புக்குப் போகலாம். டி.எம். 7 படிவம் ஆளுக்கொன்று, 4க்கு 6 செ.மீ. போட்டோ, கட்டணம் ஆளுக்கு 1,900 பாட். பாஸ்போர்ட்டில் முத்திரை விழுந்த பக்கங்கள் எல்லாவற்றின் பிரதியும், ஒவ்வொன்றிலும் கையெழுத்தோடு. வங்கியிடமிருந்து இருப்புச் சான்று. பாஸ்புக்கை அன்று காலையில் புதுப்பித்திருக்க வேண்டும். வங்கிக்குப் போய் 100 பாட் போட்டு வரியை அச்சடித்துவிட்டு நேரே குடிவரவு அலுவலகம் போய்விடுவேன். டி.எம். 30 ரசீது, வாடகை ஒப்பந்தம், வீட்டுக்குப் போகும் வழி வரைபடம். துணைவருக்கு இவற்றோடு திருமணச் சான்றிதழும் மொழிபெயர்ப்பும், முதன்மையானவரின் புது நீட்டிப்பு முத்திரையின் பிரதியும்.

அதனால் வரிசை முக்கியம். முதலில் முதன்மையானவருக்கு முத்திரை. அதைப் பிரதி எடுத்து உடனே துணைவரின் கோப்பில் சேர்க்க வேண்டும். பிரதிக் கடை எங்கே என்று முன்பே பார்த்து வையுங்கள். மதியம் அலுவலகம் இடைவேளை விடும், காலை முதல் டோக்கனுக்குப் போனால்தான் இரண்டும் ஒரே நாளில் முடியும். வீட்டு வாசலில், சமையலறையில் இருவரும் சேர்ந்து எடுத்த படங்கள் நாலு அச்சடித்து வைத்திருங்கள், கேட்டால் கொடுக்கலாம்.

அதற்கப்புறம் தொடரும் கடமைகள்

90 நாளைக்கு ஒருமுறை முகவரி அறிவிப்பு, டி.எம். 47. குறித்த நாளுக்கு 15 நாள் முன்பிலிருந்து 7 நாள் பின்பு வரை கொடுக்கலாம். இருவருக்கும் தனித்தனி. தவறினால் 2,000 பாட் அபராதம்.

மறு நுழைவு அனுமதிதான் ஆபத்தானது. அதை வாங்காமல் நாட்டை விட்டுப் போனால் ஓராண்டு நீட்டிப்பு அந்த நிமிடமே செத்துவிடும். ஒரு முறைக்கு 1,000 பாட், பல முறைக்கு 3,800 பாட். இதுவும் ஆளுக்காள் வேண்டும். ஊரில் சாவு என்று நள்ளிரவில் கிளம்பும்போது இது ஞாபகம் வராது. முதன்மையானவர் இதை மறந்து போய்விட்டால் அவரைச் சார்ந்திருப்பவரின் அனுமதியும் ஆட்டம் காணும். நீட்டிப்பு வாங்கும் அன்றே, அதே அலுவலகத்தில், இருவருக்கும் பலமுறை அனுமதியை வாங்கிவிடுங்கள். 7,600 பாட் வீண் செலவு அல்ல.

இந்த விசாவில் வேலை பார்க்கக் கூடாது. சம்பளம் வாங்காமல் தொண்டாகச் செய்வதற்கும் அனுமதி வேண்டும். நிலம் வாங்க முடியாது. அடுக்குமாடிக் குடியிருப்பு வாங்கலாம் என்றாலும் இரண்டு வருடம் வாடகையில் இருந்து பாருங்கள். சியாங் மாயில் பிப்ரவரி முதல் ஏப்ரல் வரை வயல்களையும் காடுகளையும் எரிக்கும் புகை ஊரையே மூடும். என் மனைவிக்கு லேசான ஆஸ்துமா உண்டு. அந்த மாதங்களை மதுரையில் கழிக்கிறோம்.

வரி விஷயம்: ஓர் ஆண்டில் 180 நாள் இங்கே தங்கினால் இங்கே வரி வதிவாளர். 2024 ஜனவரி 1 முதல் ஈட்டி உள்ளே கொண்டுவரும் வெளிநாட்டு வருமானம் கணக்கில் வரும். அதற்கு முன்பு சேர்த்த சேமிப்புக்கு இது பொருந்தாது, ஆகவே 2023 டிசம்பர் 31 அன்று உங்கள் வங்கி இருப்பு எவ்வளவு என்பதற்கான சான்றை வாங்கி வையுங்கள். இந்தியாவுக்கும் தாய்லாந்துக்கும் இரட்டை வரி தவிர்ப்பு ஒப்பந்தம் இருக்கிறது. உங்கள் ஓய்வூதியத்துக்கு அது எப்படிப் பொருந்தும் என்று ஒரு ஆடிட்டரிடம் ஒருமுறை உட்கார்ந்து பேசுங்கள். ஊரில் உள்ள சேமிப்புக் கணக்கையும் வெளிநாடுவாழ் இந்தியருக்கான என்.ஆர்.ஓ. கணக்காக மாற்ற வேண்டும். ஓய்வூதியத்துக்காக ஆண்டுதோறும் தர வேண்டிய ஆயுள் சான்றை அரசின் ஜீவன் பிரமாண் வழியாகப் போனிலேயே கொடுக்கலாம்.

ஒருவர் மட்டும் மிஞ்சும்போது

இதை எழுதும்போது கை தயங்குகிறது. ஆனால் எங்கள் தெருவில் ஒரு வயதான அம்மாவுக்கு நடந்ததைப் பார்த்த பிறகு எழுதாமல் இருக்க முடியாது. அவர் கணவர் தூக்கத்திலேயே போய்விட்டார். வங்கிப் பணம் எல்லாம் கணவர் பெயரில். இறப்பு தெரிந்ததும் வங்கி கணக்கை நிறுத்திவிட்டது. நீதிமன்றம் ஒருவரை நிர்வாகியாக நியமிக்கும் வரை ஒரு பாட் எடுக்க முடியாது. கணவரைச் சார்ந்திருந்த அவருடைய தங்கும் அனுமதிக்கும் அடிப்படை போய்விட்டது. துக்கத்தோடு துக்கமாக அந்த அம்மா கோப்பைத் தூக்கிக்கொண்டு அலைந்தார். மொழி தெரியாது.

இதற்கு மூன்று ஏற்பாடுகள். முதலாவது, துணைவருக்குத் தனி வங்கிக் கணக்கு, அதில் குறைந்தது ஆறு மாதச் செலவுக்கான பணம். முடிந்தால் கொஞ்சம் கொஞ்சமாக அதை 8 லட்சம் வரை வளர்த்துவிடுங்கள். 50 வயது தாண்டிய துணைவர் அப்போது தன் பெயரிலேயே ஓய்வுக்கால நீட்டிப்புக்கு விண்ணப்பிக்க முடியும்.

இரண்டாவது, தாய்லாந்தில் உள்ள சொத்துக்கு இங்கேயே ஒரு உயில். தேதியிட்டு, இரண்டு சாட்சிகள் முன்னால் கையெழுத்திட வேண்டும். சாட்சிகளோ அவர்களின் துணைவர்களோ உயிலில் பயன் பெறுபவர்களாக இருக்கக் கூடாது. நிர்வாகியின் பெயரை உயிலிலேயே எழுதிவிட்டால் நீதிமன்ற வேலை சுருங்கும். தாய் மொழியிலும் எழுதி வையுங்கள். மனைவி கணவருக்கும், கணவர் மனைவிக்கும், இரண்டு உயில்.

மூன்றாவது, ஊரில் ஓய்வூதிய ஆணையில் துணைவர் பெயரும் பிறந்த தேதியும் சரியாக இருக்கிறதா என்று பாருங்கள். குடும்ப ஓய்வூதியம் அந்தப் பெயரைப் பார்த்துத்தான் வரும், அந்தப் பெயர் பாஸ்போர்ட்டில் உள்ள பெயரோடு ஒத்துப்போக வேண்டும். கமலா ராமசாமியும் கமலா சண்முகமும் இங்கேயும் வந்து நிற்பார்கள். கிளம்புவதற்கு முன்னால் கருவூலத்திலோ வங்கியிலோ அதைத் திருத்திவிடுங்கள்.

எங்கள் வீட்டில் இப்போது இரண்டு கோப்புகள். என்னுடையது நீலம், மனைவியுடையது பச்சை. பச்சைக் கோப்பில் உயில், உறுதிமொழிப் பத்திரம், வங்கிச் சான்று, ஓய்வூதிய ஆணைப் பிரதி, மகளின் போன் எண், இந்தியத் தூதரக எண். போன வருடத்திலிருந்து 90 நாள் அறிவிப்பு, பாஸ்புக் புதுப்பிப்பு, டி.எம். 7 படிவம் நிரப்புவது எல்லாவற்றையும் இருவருக்கும் சேர்த்து மனைவிதான் செய்கிறார். நான் பக்கத்தில் உட்கார்ந்து பார்க்கிறேன். நீட்டிப்புக்கு முன்னால் வங்கிக்குப் போகிறவரும் அவர்தான்.